எரு அவர்கள் காட்டுக்கு; நாற்றம் நம் தெருவுக்கா?

மலக்கசடைச் சுத்திகரித்து உரமாக்கி வயலில் போடலாம் என்று இப்போது பல பக்கத்திலிருந்தும் பேச்சு வருகிறது. அதிகாரிகள் பேசுகிறார்கள். தொண்டு நிறுவனங்கள் பேசுகின்றன. இயற்கை விவசாய நண்பர்கள் பேசுகிறார்கள். 'கருப்புத் தங்கம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சுற்றுச்சூழல் படிக்கிற நம் மாணவர்கள் சிலரும் கேட்கிறார்கள்: "நல்ல திட்டம்தானே தோழர், நாம் ஏன் தயங்க வேண்டும்?"

நியாயமான கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முறையாகச் சுத்திகரித்த மலக்கசடு மண்ணுக்கு நல்ல எருதான். அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் குழியிலிருந்து காடு வரை அது போகிற வழியில், முழுதாக மக்கிச் சோதனையில் தேறும் வரை, எந்த மனிதரின் கையும் காலும் அதில் படக்கூடாது. அந்த வழி நம் தெருவை ஒட்டிப் போகவும் கூடாது. இந்த இரண்டும் எழுத்தில் உறுதியாகாமல் யார் வந்து 'தங்கம்' என்று சொன்னாலும் நாம் கைதட்டப் போவதில்லை.

கரிசலுக்கு எரு வேண்டும்

குருவிகுளம் வட்டாரத்து மண் கரிசல். மானாவாரி. பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், மிளகாய் என்று மழையை நம்பி நடக்கிற வெள்ளாமை. கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் அதில் மக்கு குறைவு, தழைச்சத்து குறைவு. அதனால்தான் நம் முன்னோர் கிடை போட்டார்கள், வண்டி வண்டியாகக் குப்பை அடித்தார்கள், குளத்துக் கரம்பையை அள்ளிப் போட்டார்கள். உழவு டிராக்டருக்கு மாறி மாடுகள் குறைந்த பிறகு தொழுஉரமும் குறைந்தது. இப்போது யூரியாவும் டி.ஏ.பி.யும்தான். பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா ஏறக்குறைய முழுமையாக வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. பாறை பாஸ்பேட்டிலும் பெரும்பகுதி இறக்குமதிதான்.

இந்த நிலையில் மனிதக் கழிவில் இருக்கும் சத்தை வீணாக்குவானேன் என்று கேட்பதில் தவறு இல்லை. இந்தியாவில் ஒரு மனிதர் ஓராண்டில் வெளியேற்றும் தழைச்சத்து இரண்டரை முதல் மூன்று கிலோ வரை இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆனால் அதில் பெரும்பகுதி சிறுநீரில்தான் இருக்கிறது. திருச்சி மாவட்டம் முசிறியில் 2008-இல் 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனம் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பறை கட்டி, அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கே காசு கொடுத்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். செப்டிக் டேங்கின் அடியில் தங்குகிற கசடு யூரியாவுக்கு மாற்று ஆகாது. அதன் பலம் மக்கும் மணிச்சத்தும். கரிசலுக்குப் பஞ்சம் அந்த மக்குக்குத்தான்.

ஆகவே அறிவியலோடு நமக்குச் சண்டை இல்லை. சண்டை எல்லாம் 'யார் அள்ளுவது?' என்ற கேள்வியில் இருக்கிறது.

புதிய திட்டமல்ல, பழைய வாளி

இதை ஏதோ இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு போலச் சொல்கிறார்கள். 1939-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சார்யா என்ற அறிவியலாளர் மலத்தையும் நகரக் குப்பையையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு எருவாக்கும் முறையை வகுத்தார். இன்றும் வேளாண்மைப் பாடநூல்களில் 'பெங்களூர் முறை' என்று அது இருக்கிறது. உணவுப் பஞ்சம் வாட்டிய 1940-களில் நகராட்சிகள் தோறும் அது பரப்பப்பட்டது. குழியின் நீள அகலம் எவ்வளவு, எத்தனை அங்குல அடுக்கு, எத்தனை மாதம் மூடி வைப்பது என்று எல்லாம் பாடத்தில் உண்டு. வீடு வீடாகப் போய் வாளியில் மலத்தை எடுத்து வந்து அந்த அடுக்கைப் போட்டவர் யார் என்பது மட்டும் பாடத்தில் இல்லை. வேளாண் கல்லூரியில் படிக்கிற தோழர்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1945-இல் காங்கிரசையும் காந்தியையும் விமர்சித்து எழுதிய நூலில் இந்த இடத்தைத்தான் தொட்டார். இந்த நாட்டில் ஒருவர் மலம் அள்ளுவதால் தோட்டி ஆவதில்லை, பிறப்பால் தோட்டி ஆக்கப்படுகிறார் என்பது அவருடைய வாதம். அந்த வேலைக்குப் புனித முலாம் பூசி, அதைச் செய்கிறவரைப் புகழ்ந்து, அதிலேயே இருக்கச் செய்வதை அவர் கடுமையாகச் சாடினார். 'கருப்புத் தங்கம்' என்ற சொல்லைக் கேட்கும்போது நமக்கு அந்தப் பழைய முலாம்தான் நினைவுக்கு வருகிறது.

2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிப்பள்ளி கிராமத்தில், ஒன்றிய அரசின் குடிநீர் மற்றும் சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர் இரட்டைக் குழிக் கழிப்பறை ஒன்றின் குழிக்குள் இறங்கி, மக்கிப்போன எருவைத் தன் கையால் அள்ளிக் காட்டினார். நாடெங்கும் படம் வந்தது. முழுதாக மக்கியது பாதுகாப்பானது என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதிகாரி ஒரு நாள் கேமரா முன்னால் இறங்கினால் அது விழிப்புணர்வு. அடுத்த நாள் ஊரில் அதே குழி நிறைந்தால் யாருக்கு ஆள் அனுப்புவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வட இந்தியக் கிராமங்களில் ஆய்வு செய்து 2017-இல் நூல் எழுதினார்கள். மக்கள் சிறிய குழி உள்ள கழிப்பறையை ஒதுக்குவதற்குப் பெரிய காரணம், அந்தக் குழியைக் காலி செய்வது தலித்துகளின் வேலை என்ற எண்ணம்தான் என்று அவர்கள் எழுதினார்கள். தன் வீட்டு மலமே ஆனாலும், மக்கி மண்ணாகிப் போனாலும், அதைத் தொடுவது தன் சாதிக்கு இழுக்கு என்று நினைக்கிற சமூகத்தில்தான் இந்த எருத் திட்டம் வருகிறது.

சட்டத்தில் இருக்கும் ஓட்டை

2013-ஆம் ஆண்டின் மனிதக் கழிவகற்றும் பணிக்குத் தடை விதிக்கும் சட்டத்தைச் சட்ட மாணவர்கள் கையில் எடுத்துப் படியுங்கள். 'கையால் மலம் அள்ளுபவர்' யார் என்ற வரையறையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: மலம் முழுதாக மக்கிப்போகும் முன் அதைக் கையாள்கிறவர். மக்கிய பிறகு தொட்டால் இந்தச் சட்டம் கேட்காது.

இப்போது கசடு உரமாகும் வேலையைப் பாருங்கள். செப்டிக் டேங்கிலிருந்து லாரி உறிஞ்சிக்கொண்டு போகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் மணல் படுகையில் பரப்பிக் காய வைக்கிறார்கள். தண்ணீர் வடிந்து கசடு காய்ந்ததும் அதைப் படுகையிலிருந்து அள்ள வேண்டும். இத்தகைய நிலையங்களில் மண்வெட்டியால் சுரண்டி அள்ளுவது பல நாடுகளிலும் வழக்கம். அதன் பிறகுதான் காய்கறிக் குப்பையோடு சேர்த்துக் குவித்து, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறப் பல நாள் வைத்து, புரட்டிப் போட்டு எருவாக்குகிறார்கள். கர்நாடகத்தில் தேவனஹள்ளியில் 2015-இல் தொடங்கிய நிலையத்தில் இப்படிக் குப்பையோடு சேர்த்து மக்க வைத்துத்தான் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் கருங்குழியில் 2017-இல் வந்தது. அதற்குப் பிறகு பல ஊர்களில் வந்துவிட்டன.

காய்ந்த கசடு மக்கிய எரு ஆகாது. நாக்குப்பூச்சியின் முட்டை காய்ச்சலுக்கெல்லாம் சாவதில்லை. மண்ணில் மாதக் கணக்கில், சில நேரம் ஆண்டுக் கணக்கில் உயிரோடு கிடக்கும். அப்படியானால் படுகையில் மண்வெட்டியோடு நிற்கிற தொழிலாளி மக்காத மலத்தைத்தான் அள்ளுகிறார். ஆனால் அவர் நிற்கும் இடம் சட்டத்தின் வரையறையில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. சுகாதாரமற்ற கழிப்பறை, திறந்த சாக்கடை, மலக்குழி, ரயில் பாதை என்றெல்லாம் சொல்லிவிட்டு, 'ஒன்றிய அரசோ மாநில அரசோ அறிவிக்கும் பிற இடங்கள்' என்று அந்தப் பிரிவு முடிகிறது. கூடவே ஒரு விளக்கமும் உண்டு: அரசு அறிவித்த கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால் அவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார். ஒரு ஜோடி ரப்பர் கையுறையை வாங்கிப் பதிவேட்டில் எழுதிவிட்டால் அவர் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார் என்பதுதான் நடைமுறையில் இதன் பொருள்.

அந்த வேலையில் யார் இருக்கிறார்கள்? ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்தின் கீழ் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, மலக்குழித் தொழிலாளர்களில் ஏறக்குறைய 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டும் 69 விழுக்காட்டை ஒட்டி. தமிழ்நாட்டில் அந்த மண்வெட்டி பெரும்பாலும் அருந்ததியர் கையில்தான் திணிக்கப்படுகிறது. 1993 முதல் பதிவான சாக்கடை, மலக்குழி மரணங்களில் நாட்டிலேயே தமிழ்நாடுதான் முன்னே நிற்கிறது என்று ஒன்றிய அரசின் தரவுகளே சொல்லி வந்திருக்கின்றன. 2014 மார்ச் 27-இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மரணத்துக்கும் 10 லட்சம் இழப்பீடு என்றது. 2023 அக்டோபர் 20-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியது. குழிக்குள் இறங்குவது நின்றபாடில்லை.

களை எடுக்கும் கால்கள்

இது நிலையத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. திட்ட அறிக்கைகளில் 'விவசாயி' என்று ஒரு சொல் வரும். நிலத்துக்குச் சொந்தக்காரர் என்று அதற்குப் பொருள். உரத்தை வாங்குவது அவர். தலையில் சுமந்து போய்த் தூவுவதும், அந்தப் புழுதியில் குனிந்து களை எடுப்பதும், பருத்தி எடுப்பதும் கூலிக்குப் போகிற பெண்கள். நம் அம்மாக்கள், அக்காக்கள், சித்திகள். வெறுங்காலோடு நிற்பவர்கள்.

கொக்கிப்புழு வாய் வழியாக வரவேண்டியதில்லை. அதன் இளம் புழு ஈர மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஏற்கெனவே இரத்தசோகையில் இருக்கிற பெண்ணுக்கு அது என்ன செய்யும் என்று மருத்துவம் படிக்கிற தோழர்கள் விளக்குவார்கள். அரைகுறையாகச் சுத்திகரித்த கசடு காட்டுக்கு வந்தால் விளைச்சல் கூடுவது ஒருவருக்கு, புழு ஏறுவது இன்னொருவருக்கு. உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, உரமாகும் கசடில் உலர்ந்த எடையில் ஒரு கிராமுக்கு ஒரு புழு முட்டைக்கும் குறைவாகத்தான் இருக்கலாம். அந்த அளவுகோல் இருக்கிறது. நம் ஊருக்கு வருகிற மூட்டையில் அதைச் சோதித்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

எந்த ஊர் ஓரம்?

குப்பைக் கிடங்கு எங்கே? சேரிக்குப் பக்கத்தில். சுடுகாட்டுப் பாதை எங்கே? சேரிக்குப் பக்கத்தில். அப்படியானால் கசடு நிலையத்துக்கு 'பொருத்தமான புறம்போக்கு' எங்கே கிடைக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் காலி இடம் என்று தெரிவது நம் பிள்ளைகள் விளையாடும் இடமாகவோ ஆடு மேய்க்கும் இடமாகவோ இருக்கும்.

மலம் இந்த மாநிலத்தில் வெறும் கழிவாக மட்டும் இருந்ததில்லை. 2002-இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் இரண்டு தலித்துகளின் வாயில் அதைத் திணிக்க வைத்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் அது கிடந்தது. இந்த வரலாற்றோடு வாழ்கிற மக்களிடம் 'உங்கள் தெருவுக்குப் பின்னால் சுத்திகரிப்பு நிலையம், நாற்றமே வராது' என்று சொன்னால் நம்புவார்களா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பட்டியல் சாதியினர் வசிக்கும் இடத்திலோ அதன் வாசலிலோ மலத்தையோ கழிவையோ கொட்டுவதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது, பிரிவு 3(1)(ஆ). அவமதிக்கும் நோக்கத்தோடு அக்கம்பக்கத்தில் கொட்டுவது 3(1)(இ). இரவில் வந்து நம் ஓடையில் திறந்துவிட்டுப் போகிற லாரிக்காரரிடமும், அதைக் கண்டுகொள்ளாத ஊராட்சியிடமும் இந்தப் பிரிவுகளைச் சொல்லிப் பழகுவோம்.

கடல் தாண்டியும் இதே கதை

அமெரிக்காவில் சாக்கடைக் கசடுக்கு 1990-களின் தொடக்கத்தில் 'பயோசாலிட்ஸ்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். பழைய பெயர் விற்பனைக்கு உதவாது என்பதுதான் காரணம். 'துப்புரவுப் பணியாளர்' 2020-இல் 'தூய்மைப் பணியாளர்' ஆன நம் ஊரில் பெயர் மாற்றத்தின் மதிப்பு நமக்குத் தெரியும்.

பால்டிமோர் நகரில், ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில், ஒன்பது வீடுகளின் முற்றத்தில் கசடிலிருந்து செய்த எருவைப் பரப்பி, மண்ணில் இருக்கும் ஈயத்தின் ஆபத்து குறைகிறதா என்று ஆராய்ந்தார்கள். 2008-இல் செய்தி நிறுவனம் ஒன்று இதை வெளியில் கொண்டுவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அது கடையில் விற்கும் எருதான், பாதுகாப்பானது என்று ஆய்வாளர்கள் தரப்பில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் சோதனைக்கு எப்போதும் யாருடைய முற்றம் கிடைக்கிறது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

சுவிட்சர்லாந்து வயலில் கசடு போடுவதையே தடை செய்துவிட்டது. அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2022-இல் தடை செய்தது. எளிதில் அழியாத 'பிஃபாஸ்' என்ற தொழிற்சாலை ரசாயனங்கள் கசடு வழியாக வயலுக்கும் கிணற்றுக்கும் போய்விட்டதால், அங்கே சில விவசாயிகள் பண்ணையையே மூட நேர்ந்தது. இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பட்டறை, சாயம், ஆலை, மருத்துவமனை எல்லாம் கலக்கும் பெருநகரச் சாக்கடையின் கசடு வேறு. குருவிகுளம் போன்ற ஊரில் வீட்டுச் செப்டிக் டேங்கிலிருந்து வரும் கசடு வேறு. இரண்டாவதில் கன உலோகங்கள் பொதுவாகக் குறைவு. அதனால் முதலில் கேட்க வேண்டியது, வருகிற மூட்டை எந்த ஊர்க் கசடு என்பது. சுண்ணாம்பு கலந்த கரிசல் கன உலோகங்களை ஓரளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதும் உண்மை. பிடித்தது எங்கேயும் போகாது, ஆண்டுக்கு ஆண்டு அங்கேயே சேரும் என்பதும் உண்மை.

அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

நம் தோழர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். 'மலத்தோடு நமக்கு எந்த உறவும் வேண்டாம், இந்தத் திட்டத்தையே விரட்டுவோம்' என்கிறார்கள். அந்தக் கோபத்தின் நியாயம் நமக்குப் புரிகிறது. ஆனால் நாம் வேண்டாம் என்றால் கசடு மறைந்துவிடாது. வீட்டுக்கு வீடு குழி கட்டியாகிவிட்டது. குழி நிறையும். லாரி வரும். சுத்திகரிப்பு நிலையம் இல்லையென்றால் அது ஓடையிலும் குளத்துக் கரையிலும் கொட்டும். காசு வாங்கிக்கொண்டு பச்சைக் கசடை அப்படியே காட்டில் இறக்குவதும் உண்டு. பெங்களூருவைச் சுற்றிய பண்ணைகளில் இது ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. அந்தக் காட்டிலும் இறங்கப்போவது நம் கால்கள்தான். எனவே நிலையமே வேண்டாம் என்று சொல்லி நாம் எதையும் வெல்லப் போவதில்லை. எப்படி நடத்த வேண்டும் என்று நிபந்தனை வைப்பதுதான் வெற்றிக்கு வழி.

கிராம சபையில் கேட்க வேண்டியவை

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. இந்தக் கேள்விகளை எழுதிக் கொடுங்கள், தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

ஒன்று: நம் ஊர்க் குழிகளைக் காலி செய்யும் லாரிக்கு உரிமம் இருக்கிறதா? கசடை எங்கே இறக்குகிறது? ஒவ்வொரு நடைக்கும் பதிவேடு எங்கே?

இரண்டு: நிலையத்தில் காய்ந்த கசடை அள்ளுவதும் புரட்டுவதும் எந்திரமா, ஆளா? ஆள் என்றால், கசடு சுத்திகரிப்பு நிலையங்களை 2013 சட்டத்தின் கீழ் 'பிற இடங்கள்' என்று மாநில அரசு அறிவிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். நம் இயக்கங்கள் அனைத்தும் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கை இது.

மூன்று: ஒவ்வொரு குவியலுக்கும் புழு முட்டை, கிருமி, கன உலோகம் ஆகியவற்றின் சோதனை முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்டுகிறார்களா? 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் குப்பை எருவுக்குக் காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம் என்று உச்ச அளவு வைத்திருக்கிறது. அந்த அளவோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூட்டையின் மேல் 'இயற்கை உரம்' என்று மட்டும் போட்டு ஏமாற்றக்கூடாது. எதிலிருந்து வந்தது என்று எழுத வேண்டும். அமெரிக்காவின் இயற்கை வேளாண் சான்றிதழ் விதிகளிலேயே சாக்கடைக் கசடுக்கு இடமில்லை.

நான்கு: எந்தப் பயிருக்கு? பச்சையாகத் தின்னும் கீரைக்கும் காய்க்கும் வேண்டாம். பருத்திக்கும் மரப் பயிருக்கும் என்றால், விதைப்புக்கு எத்தனை நாள் முன்னால் போட்டு உழுதுவிட வேண்டும்? அந்தக் காட்டில் வேலை செய்யும் பெண்களுக்கு முழங்கால் வரை காலணியும் குடற்புழு மருந்தும் யார் செலவில்?

ஐந்து: நிலையம் எந்தத் தெருவிலிருந்து எத்தனை அடி தூரம்? ஊர்த் தெருவிலிருந்தும் அதே தூரம்தானா?

ஆறு: அங்கே வேலைக்கு எடுப்பது எப்படி? எந்திரம் ஓட்டுபவர், ஆய்வகத்தில் சோதிப்பவர், மேலாளர் என்ற நாற்காலிகளில் யார் உட்காரப் போகிறார்கள்? மண்வெட்டி வேலைக்கு மட்டும் நம் தெருவுக்கு ஆள் தேடி வந்தால், பதில் ஒன்றுதான்: வரமாட்டோம்.

தங்கம் என்று சொல்கிறவர்களிடம் இன்னும் ஒன்றையும் கேட்கலாம். அது தங்கம்தான் என்றால், ஒரு தலைமுறை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை அள்ளட்டும். நம் பிள்ளைகள் ஆய்வகத்தில் உட்கார்ந்து சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடட்டும்.

ஜெய்பீம்.